பிலோமினா டீச்சருக்குப் போட்ட மாலை

1. கேட்கக்கூடாத கேள்வி

இருபத்தெட்டு வருஷமாகத் திண்டுக்கல்லில் போட்டோ பிரேம் கடை நடத்துகிறேன். முருகேஸ்வரி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பிரேம் கடை அக்கா என்றால் பஸ் ஸ்டாண்டிலிருந்தே வழி சொல்வார்கள். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ரெண்டு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். பிரேமுக்கான மோல்டிங் சட்டத்தை நாற்பத்தைந்து டிகிரியில் வெட்டுவதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும். நான் சொல்லப்போவது வாடிக்கையாளர் பற்றி. அதிலும் ஒரே ஒரு வாடிக்கையாளர் பற்றி. அந்த மனுஷனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் நறநறக்கிறது.

எங்கள் கடைக்கு வருவது மூன்று வகைப் படம். சாமி படம், கல்யாணப் படம், இறந்தவர் படம். மூன்றாவதுதான் அதிகம், அவசரமும் அதில்தான் அதிகம். ஒருநாள் காலை, அறுபது வயது இருக்கும், ஒரு அம்மா பழைய நூல் சேலையில் சுற்றி ஒரு படத்தைக் கொண்டு வந்தார். பிரித்தால் போட்டோ இல்லை, கான்வாஸில் ஆயில் பெயிண்டிங். ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கண் கீழே பார்க்கிறது. சிரிப்பு இல்லை, நகை இல்லை, பின்னால் வெறும் சுவர். எனக்குத் தெரிந்து அப்படிப்பட்ட முகங்கள் மூன்றாவது வகையில்தான் வரும்.

ஆர்டர் சீட்டை எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அம்மா எப்பத் தவறுனாங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "இன்னும் தவறலம்மா. அது நாந்தான்."

படத்தைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அதே மூக்கு, அதே நரைத்த கொண்டை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நல்லவேளை, அவர் சிரித்துவிட்டார்.

"விடுங்க. எங்கண்ணன் வரையிறதப் பாத்தா எனக்கே சமயத்துல அந்தச் சந்தேகம் வரும்" என்றார்.

அவர்தான் பிலோமினா டீச்சர். தொடக்கப் பள்ளியில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணன் ஆரோக்கியசாமி ஓவிய மாஸ்டராக இருந்து, பாதியிலேயே வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் போனவர். அதற்குப் பிறகு வெளியே வருவதே அபூர்வம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூடக் கடைசி ஆளாக வந்து, முதல் ஆளாகப் போய்விடுவாராம். ரெண்டு பேருக்குமே கல்யாணம் ஆகவில்லை. ரெட்டியார்சத்திரம் ரோட்டில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் இருந்தார்கள்.

"இது ஒண்ணுக்குப் போட்டுக் குடுங்க. அண்ணனுக்குப் புடிச்சிருச்சுன்னா இன்னும் நாப்பது படம் இருக்கு" என்றார் டீச்சர். நாற்பது என்றதும் நான் வாயெல்லாம் பல்லாகச் சீட்டு எழுதினேன்.

2. நாலு தடவை

முதலில் தங்கக் கலர் மோல்டிங் போட்டேன். எங்கள் ஊரில் பெயிண்டிங் என்றால் தங்கக் கலர்தான். டீச்சர் ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போனார், மூன்றாம் நாள் அதே ஆட்டோவில் திரும்பக் கொண்டு வந்தார். கூடவே கட்டம் போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். அழகான கையெழுத்து. "தங்கம் கத்துகிறது" என்று எழுதியிருந்தது.

பிரேம் கத்துமா? சரி, கலைஞர் என்று பொறுத்துக்கொண்டேன்.

ரெண்டாவது, தேக்கு, பாலிஷ் போட்டது. என் கையாலேயே தேய்த்தேன். திரும்பி வந்தது. "பளபளப்பு ஜன்னல் வெளிச்சத்தோடு சண்டை போடுகிறது." மூன்றாவது, மேட் கறுப்பு. திரும்பி வந்தது. "கருமாதிப் பத்திரிகை போல் இருக்கிறது." நாலாவது, பாலிஷே இல்லாத வேப்பமரச் சட்டம், அரை இஞ்ச் அகலம். அகலத்தை அவரே எழுதிக் கொடுத்திருந்தார். அதுவும் திரும்பி வந்தது. "அரை இஞ்ச் அதிகம்."

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. பக்கத்துக் காய்கறிக் கடைக்குக் கறிவேப்பிலை வாங்க வந்தவர்கூட என் கத்தலைக் கேட்டு நின்றுவிட்டார். இவரே அளவு எழுதுவாராம், வெட்டிக் கொடுத்தால் இவரே அதிகம் என்பாராம். அந்தத் தாள்கள் நாலையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்கே போய்விட்டேன்.

கதவைத் தட்டினேன். ஜன்னல் திரை லேசாக அசைந்தது.

"யாரு?"

"பிரேம் கடை சார்."

"ஆள் வரணும்னு நான் எழுதலியே."

"அளவெடுத்துட்டுப் போறேன் சார். செத்த நேரம் கதவத் தெறங்க."

"அளவுதான் எழுதிக் குடுத்துட்டேனே."

"அந்த அளவுலதான் சார் போட்டேன்! இந்தா உங்க கையெழுத்து!"

திரை பழையபடி விழுந்துவிட்டது. அவ்வளவுதான். வெயிலில் ஒரு கதவோடு பேசிக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மனுஷன் வரையப் போய்விட்டார்!

டீச்சர்தான் கொல்லைப்பக்கமாக வந்து என் கையைப் பிடித்து அடுப்படி வழியாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அப்போதுதான் மிச்சப் படங்களைப் பார்த்தேன். கூடத்துச் சுவர், நடை, சாப்பிடும் இடம், எங்கே பார்த்தாலும் கான்வாஸ். எல்லாம் அதே வீடுதான். பாதி திறந்த கதவு, கழுவிக் கவிழ்த்த தம்ளர், தரையில் விழுந்த ஜன்னல் வெளிச்சம். எல்லாவற்றிலும் டீச்சர். சிலதில் இருபது வயசு டீச்சர், சிலதில் நரைத்த டீச்சர். ஆனால் கடைக்கு வந்த அந்த ஒரு படத்தைத் தவிர வேறு எதிலும் முகம் இல்லை. முதுகு, பின்கழுத்து, கொண்டை. ஜன்னலைப் பார்த்து நிற்கிறார், கதவைப் பார்த்து நிற்கிறார்.

"என்ன டீச்சர், எல்லாத்துலயும் திரும்பி நிக்கிறீங்க?"

"அவருகிட்டக் கேளுங்க. வீடு முழுக்க நாந்தான் முருகேஸ்வரி. நிமிந்தா நான், குனிஞ்சா நான். தண்ணி குடிக்கப் போனாக்கூட அங்கயும் நான் நிக்கிறேன். எனக்கே என்னப் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சு."

அப்புறம் அடுப்படியில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்து விஷயத்தைச் சொன்னார். தொப்பம்பட்டிப் பக்கம் பெண் பிள்ளைகள் விடுதி ஒன்றில் வார்டன் வேலைக்கு இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தங்க இடம், நாற்பது ஐம்பது பிள்ளைகள், கூடவே சாயந்தரப் படிப்பு. டீச்சருக்கு ரொம்ப ஆசை. ஒண்ணாம் தேதிக்குள் சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

"போங்களேன் டீச்சர். யாரு புடிச்சு வச்சிருக்கா?"

"எங்கம்மா போனப்ப எனக்குப் பன்னண்டு வயசு. அவருதான் சோறு பொங்கிப் போட்டு, தலை சீவி விட்டு, டீச்சர் ட்ரெய்னிங் வரைக்கும் படிக்க வச்சாரு. அவரு வாயால போன்னு சொல்லாமப் போக எனக்கு மனசு வரல."

"சொல்ல மாட்டேங்கிறாரா?"

"சொல்லிட்டாரு. அங்கதான் வில்லங்கமே. 'இந்தப் படங்கள ஜனம் வந்து ஒரு தடவை பாக்கட்டும். அன்னைக்கே நீ போயிக்க'ன்னு வாக்குக் குடுத்துட்டாரு. வாக்குக் குடுத்தா மாற மாட்டாரு. ஆனா பிரேம் சரியா அமையாமக் கண்காட்சி வைக்க மாட்டாராம்."

காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நாலு மாசமாக என் பிரேம்தான் இந்த அம்மாவைக் கட்டிப்போட்டிருக்கிறது! ஒண்ணாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

"டீச்சர், இந்தத் தடவை கால் இஞ்ச் போடுறேன். அதுலயும் நொட்டை சொன்னாருன்னா அந்தப் பிரேமாலேயே…" என்று ஆரம்பித்துவிட்டு, அவருடைய அண்ணன் என்பதால் மிச்சத்தை விழுங்கினேன்.

3. ஒத்தைப் பேர்

இங்கே எங்கள் கடையின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்னால் நான் சீட்டு எழுதுவேன், பின்னால் ஷெட்டில் சேகர் வேலை செய்வான். பதினேழு வருஷமாக என்னிடம் இருக்கிறான், பேரன் எடுத்துவிட்டான். வாடிக்கையாளரை அவன் பார்ப்பதே இல்லை, சீட்டோடுதான் அவன் பேச்சு. சீட்டில் சாமி பேர் இருந்தால் தங்கக் கலர். ரெண்டு பேர் சேர்ந்து இருந்தால் கல்யாணம், படத்தைச் சுற்றி வெள்ளை மவுண்ட் அட்டை. ஒரு மனுஷர் பேர் ஒத்தையாக இருந்தால் இறந்தவர். பிரேம் போட்டு, சந்தனச் சீவல் மாலை மாட்டி, இந்து என்றால் பொட்டு, கிறிஸ்தவர் என்றால் மேலே ஒரு சிலுவை வைத்து, வாங்க வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி கடை வாசலில் தொங்கவிட வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

டீச்சர் படத்துக்கு நாலு தடவையும் "ரெட்டியார்சத்திரம் ரோடு பெயிண்டிங்" என்றுதான் எழுதினேன். ஐந்தாவது தடவை அவர் வீட்டுக் காப்பி குடித்த பாசத்தில் "பிலோமினா டீச்சர், கால் இஞ்ச், வியாழக்கிழமை காலை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஒட்டன்சத்திரத்தில் சொந்தக்காரருடைய புது வீட்டுப் பால் காய்ச்சுக்குப் போய்விட்டேன். இருபத்தெட்டு வருஷ அனுபவம் எங்கே போனதோ தெரியவில்லை!

வியாழன் காலை பந்தியில் உட்கார்ந்து இலையில் கை வைத்தேன், போன் வந்தது. தெரியாத நம்பர்.

"அக்கா, பிரேம் கடை அக்காவா? பிலோமினா டீச்சர் இறந்துட்டாங்களாமே. அடக்கம் எத்தனை மணிக்குக்கா?"

இலையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். "யாருய்யா சொன்னது?"

"உங்க கடை வாசல்லதான் மாலை போட்டுத் தொங்குது. எங்க கிளாஸ் வாட்ஸப் குரூப்புல போட்டோ வந்துருக்கு."

சேகரைக் கூப்பிட்டேன்.

"ஏலே, டீச்சர் படத்துக்கு மாலையா போட்ட?"

"ஆமாக்கா. நல்ல மாலையாப் பாத்துத்தான் போட்டேன்."

"அவங்க உயிரோட இருக்காங்கடா பாவி!"

சேகர் மெதுவாகச் சொன்னான். "நாலு தடவ திரும்பி வந்த படம்க்கா. இந்தத் தடவ ஒத்தைப் பேரோட வந்துச்சு. பாவம், பிரேம் அமையறதுக்குள்ள போயிச் சேந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

அவனை எப்படித் திட்டுவது? அவன் நினைத்ததில் என்ன தப்பு? சீட்டு என் கையெழுத்து. மாலையைக் கழற்று, படத்தை உள்ளே வை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். "ஏனுங்க, ஒரு வாய் சாப்புட்டுப் போட்டுப் போலாமுங்க" என்று சொந்தக்காரர் பின்னாலேயே வந்தார். நான் அதற்குள் ரோட்டில் பஸ்ஸைக் கை காட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் போனுக்குப் பத்து தடவை அடித்தேன், எடுக்கவில்லை. வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். கதவைத் தட்டினாலே திரையை மூடுகிற மனுஷன் வாசலில் எழவுக் கூட்டம் நின்றால் என்ன செய்வார்? இனிமேல் ஜனமும் வேண்டாம், கண்காட்சியும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். டீச்சர் ஆயுசுக்கும் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். எல்லாம் என் ஒரு சீட்டால்.

4. அடக்கத்துக்கு வந்தவர்கள்

வீட்டு முன்னால் இருபது பைக், ரெண்டு ஷேர் ஆட்டோ. யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகூட இறக்கிவிட்டார்கள். கரண்ட் கம்பத்தில் ஒருத்தர் பிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார். கண்ணீர் அஞ்சலி, கீழே டீச்சர் முகம், என் கடை மாலையோடு. பிறந்தநாளைக்குப் பிளெக்ஸ் கேட்டால் மூன்று நாள் இழுப்பார்கள், இதற்கு மட்டும் மூன்று மணி நேரத்தில் எப்படித்தான் அடிக்கிறார்களோ!

எனக்குத் திறக்காத அந்தக் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே நடுக்கூடத்தில் ஆரோக்கியசாமி. அன்றைக்குத்தான் அவரை முதல் தடவை பார்க்கிறேன். ஒல்லி உடம்பு, கையெல்லாம் சாம்பல் கலர் பெயிண்ட். தடித்த ஆள் ஒருத்தர் அவர் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். மாஸ்டர் அவரைத் தள்ளவும் தெரியாமல், தட்டிக் கொடுக்கவும் தெரியாமல் மரமாக நின்றார்.

நடந்தது இதுதான். முதலில் வந்தவர்களிடம் இவர் தன் வழக்கப்படி மூன்றே வார்த்தை சொல்லியிருக்கிறார். "பிலோமினா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா." விடுதி வேலைக்கு உடல் தகுதிச் சான்றிதழ் வாங்க டீச்சர் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அதைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் இந்த மனுஷன் வாய்முத்து உதிர்ந்துவிடுமா? வந்தவர்கள் உடம்பு இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, வரும்வரை இருப்போம் என்று உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

"டீச்சர் உயிரோட இருக்காங்க! எங்க கடைத் தப்பு!" என்று நான் கத்தினேன்.

"பாவம், தாங்க முடியாமப் பேசுறாங்க. தண்ணி குடுங்கப்பா" என்று ஒரு அம்மா என்னை நாற்காலியில் அமுக்கினார்.

உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தேன். காத்திருக்கிற ஜனம் சும்மா இருக்குமா? சுவர் சுவராகப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மில் வேலைக்காரர், பூக்கடைக்காரர், கைக்குழந்தையோடு ஒரு பெண், பேங்க்கில் வேலை பார்க்கிற ஒரு தம்பி. எல்லாம் டீச்சரிடம் படித்தவர்கள். யாரும் சத்தம் போடவில்லை. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று நின்று போனார்கள். அந்தப் படங்களில் என்ன இருக்கிறது என்று நாலு மாசமாக எரிச்சல்பட்டவள் நான். ஒரு அறை, ஒரு கதவு, ஒரு முதுகு. தடித்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியொரு முதுகைக் காட்டினார்.

"முகமே வேண்டாம் சார். போர்டுல எழுதுறப்ப இப்படித்தான் நிப்பாங்க. வருசம் பூராம் நாங்க பாத்தது இதைத்தானே. பின்னாடி பேசுனா திரும்பாமலே எம் பேரச் சொல்லுவாங்க."

மாஸ்டர் அந்தப் படத்தைத் திரும்பிப் பார்த்தார். வேறு யாரோ வரைந்ததைப் பார்க்கிற மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார்.

"சார், எல்லாத்துலயும் டீச்சர் ஏன் கதவையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க?" என்று கைக்குழந்தைக்காரி கேட்டாள்.

"அவ அப்படித்தாம்மா நின்னா" என்றார் மாஸ்டர். "நான் உள்ளதைத்தான் வரைவேன்."

அப்போது வாசலில் ஆட்டோ நின்றது. கையில் பைலோடு டீச்சர் இறங்கினார். ஒரு பெண் "யேசுவே!" என்று அலறினாள். கம்பத்தில் இருந்தவர் பிளெக்ஸை அப்படியே விட்டார், அது தொப்பென்று விழுந்தது.

டீச்சர் நாற்காலிகளைப் பார்த்தார், மாலைகளைப் பார்த்தார், கீழே கிடந்த தன் முகத்தைப் பார்த்தார்.

"ஏலே, என்னடா இது? ஆரோக்கியமா இருக்கேன்னு டாக்டர்கிட்ட இப்பத்தான் கையெழுத்து வாங்கிட்டு வாரேன். அதுக்குள்ள என்னப் பொதைக்க வந்துட்டீங்களா?"

அதற்கப்புறம் அங்கே எழுந்த அழுகையும் சிரிப்பும் சொல்லி மாளாது. தடித்த ஆள் காலிலேயே விழுந்துவிட்டார். நான் கையைக் கூப்பிக்கொண்டு, சீட்டு, ஒத்தைப் பேர், சேகர், மாலை என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டீச்சர் என்னைத் திட்டவில்லை. கேட்டாரா என்பதே சந்தேகம். அவர் கண் கூட்டத்தைத் தாண்டி அண்ணன் மேலேயே இருந்தது.

"அண்ணே."

"ம்."

"இம்புட்டுப் பேரும் வந்து படத்தப் பாத்தாங்களா?"

மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாத்தாங்களாண்ணே?"

"பாத்தாங்க."

"அப்ப நான் போகலாமில்ல?"

என்ன நடக்கிறது என்று என்னைத் தவிர யாருக்கும் புரிந்திருக்காது. ஆனாலும் ஏதோ நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"பிரேம் இன்னும் சரியா…" என்று ஆரம்பித்தார் மாஸ்டர்.

"பிரேம் இல்லாமத்தான் பாத்தாங்க."

அவர் தன் கையில் காய்ந்திருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டினார். ரொம்ப நேரம் சுரண்டினார். பிறகு நிமிராமலே கேட்டார்.

"ஒண்ணாந்தேதி எத்தனை மணிக்குப் பஸ்?"

5. கற்றுக்கொண்டது

டீச்சர் ஒண்ணாம் தேதியே விடுதியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். எங்கள் சீட்டில் இப்போது "உயிரோடு" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் இருந்தால் சேகர் மாலையைத் தொட மாட்டான். நீங்களும் அப்படி ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அது சின்னப் பாடம்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் மாஸ்டரே கடைக்கு வந்தார். அனுப்ப வீட்டில் ஆள் இல்லையே. நாற்பது படத்துக்கும் பிரேம் வேண்டும் என்றார். எனக்கு எங்கிருந்தோ பழைய ஆத்திரம் எல்லாம் மொத்தமாகக் கிளம்பியது. நோட்டையும் டேப்பையும் அவர் முன்னால் பட்டென்று வைத்து, "எந்தப் பிரேம் சார்? எத்தனை இஞ்ச்? இப்பவே தெளிவாச் சொல்லிருங்க. இன்னொரு தடவ திருப்பி அனுப்புனீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்!" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. சுவரில் மாட்டியிருந்த சாம்பிள் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போய், தேக்குத் துண்டில் கையை வைத்தார்.

நான் சொல்ல வந்த பாடம் இதுதான். வேலை நன்றாக இருந்தும் ஒரு வாடிக்கையாளர் திருப்பித் திருப்பி அனுப்பினால், அளவை மறுபடி அளக்காதீர்கள், உங்கள் கை மேல் சந்தேகப்படாதீர்கள். இந்த வேலை முடிந்துவிட்டால் இவரை விட்டு என்ன போய்விடும் என்று விசாரியுங்கள். நாலு மாசம், ஐந்து பிரேம், அத்தனை வசவு. அந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

"இதே போடுங்க" என்றார் மாஸ்டர். "ரெண்டாவதாப் போட்டீங்களே, அதுவே சரியாத்தாம்மா இருந்துச்சு."